காலண்டரைத் திருப்பி வச்ச திருடன்

அத்தியாயம் 5

நாலு டன் எடையுள்ள ராணுவ கவச வண்டி ஒண்ணு காணாம போயிடுச்சு. அதைக் கடைசியா பார்த்தவங்க மூணு பேரு. மூணு பேருமே அதுக்கு டாட்டா காட்டியிருக்காங்க.

கெத்தின் பியூ அந்த மூணு வாக்குமூலத்தையும் வேன்ல உட்கார்ந்து சத்தமா படிச்சான். ஸ்டியரிங் பிடிச்சிட்டிருந்தது அவன் பாஸ் ரொவீனா பிரேஸ். பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனில பொய் க்ளெய்ம் பிடிச்சுட்டு, இப்ப தனியா துப்பறியறவங்க. கெத்தின் முன்னாடி கார்டிஃப்ல பஸ் ஓட்டினான். பயணிங்ககிட்ட வாய் ஜாஸ்தின்னு வேலை போச்சு. இங்க அதே வாய்க்குத்தான் சம்பளம்.

"தபால் கொண்டு வர்ற அம்மா, புதன்கிழமை காலை ஆறு பத்து. 'பச்சை கலர், நாலு பெரிய சக்கரம், மேல குட்டியா ஒரு துப்பாக்கி. நான் கை காட்டினேன், அவரும் காட்டினார்.' அடுத்தது பால் வண்டிக்காரர். அதே கதை. மூணாவது நம்ம கான்ஸ்டபிள். ரவுண்டானால மத்த வண்டியெல்லாம் நிறுத்தி அதுக்கு வழி விட்டிருக்கார் பாஸ். சல்யூட் வேற."

"ஓட்டினவன் மூஞ்சி?"

"ஹெல்மெட், தூசிக் கண்ணாடி, மஃப்ளர். இந்த வாரம் இந்த ஊர்ல பாதிப் பேர் அந்த வேஷத்துலதான் ரொட்டி வாங்கப் போறாங்க."

உண்மைதான். கென்ட் ஜில்லாவுல ஆகஸ்ட் மாசம் பழைய ராணுவ வண்டி கிளப்போட கண்காட்சி நடக்கற வாரம், ரோட்டுல சைக்கிள் வந்தாத்தான் ஜனங்க திரும்பிப் பார்ப்பாங்க. டேங்க் வந்தா பார்க்க மாட்டாங்க.

காணாம போனது ஃபெரட்னு ஒரு வகை கவச வண்டி. சொந்தக்காரர் லயனல் கிரடஸ், ரிட்டயர் ஆன பல் டாக்டர். வண்டி கடைசியா இருந்த இடம் லெஷெக்ங்கற மெக்கானிக்கோட பட்டறை. சைலன்சர்ல ஓட்டை, வெல்டிங் வைக்க விட்டிருந்தாங்க. அதனால கிளப் முழுக்க ஒரே பேச்சு: லெஷெக்தான் வித்துட்டான். இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு டீ டென்ட்ல மீட்டிங். கிளப் சிபாரிசு பண்ற பட்டறை லிஸ்ட்லருந்து லெஷெக் பேரை அடிக்கறதா வேணாமான்னு ஓட்டு. அடிச்சா முடிஞ்சது. லெஷெக்குக்கு வர்ற வேலை அத்தனையும் அந்தக் கிளப் ஆளுங்களோடதுதான். இருபது வருஷமா கட்டின பட்டறை, நாலு அஞ்சுக்கு தகரக் கொட்டகை ஆயிடும்.

பட்டறை ஆப்பிள் தோட்டத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. லெஷெக் வாசல்லயே நின்னுட்டிருந்தார். நாப்பத்தாறு வயசு, போலந்துக்காரர், மூணு நாளா ஷேவ் பண்ணலை.

"போலீஸ் என்ன சொல்றாங்க?"ன்னு ரொவீனா கேட்டாங்க.

"பூட்டு உடையலையாம். நம்பர் பூட்டு. நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியுமாம். அதனால நான்தானாம்."

கெத்தின் கேட்கிட்ட போய் பூட்டைக் கையில எடுத்து, நாலு சக்கரத்தையும் திருப்பி, திறந்துட்டான். அஞ்சு செகண்ட்.

லெஷெக் அப்படியே நின்னுட்டார். "எப்படி?"

"ஆயிரத்து தொள்ளாயிரத்து நாப்பத்தி நாலு. நார்மண்டில படை இறங்கின வருஷம். இந்த ஜில்லாவுல பழைய டேங்க் வச்சிருக்கற ஒவ்வொருத்தன் பூட்டுக்கும், போனுக்கும், பேங்க் கார்டுக்கும் அதான் நம்பர். நீங்களுமா லெஷெக்?"

"நான் வேற நம்பர்தான் வச்சிருந்தேன். ஞாபகம் இருக்க மாட்டேங்குதுன்னு கஸ்டமருங்க சண்டை போட்டாங்க."

"ஆக, கிளப்ல யார் வேணாலும் திறந்திருக்கலாம்"னு சொல்லிட்டே ரொவீனா கேட்டை முன்னாடி பின்னாடி ஆட்டினாங்க. "இது சத்தமே போடலையே."

"அதான் எனக்கும் புரியலை. ஏழு வருஷமா கத்திட்டிருந்துச்சு. புதன்கிழமையிலருந்து கத்தலை."

"நீங்க எண்ணெய் விட்டீங்களா?"

"எனக்கு எங்கங்க நேரம்?"

உள்ள போனாங்க. ரொவீனா தரையைப் பார்க்கலை, டயர் தடத்தைப் பார்க்கலை, நேரா சுவரைப் பார்த்தாங்க. ஸ்பேனர் எல்லாம் சின்னதுலருந்து பெருசு வரைக்கும் அளவு வாரியா தொங்கிட்டிருந்துச்சு. தண்ணி ஹோஸ் பாம்பு சுருண்ட மாதிரி வட்டமா சுத்தி வச்சிருந்துச்சு.

"நீங்களா இப்படி அடுக்கினது?"

லெஷெக் தலையாட்டினார், இல்லைங்கற மாதிரி. "நான் எடுக்க வாகா மாட்டியிருப்பேன். மூணு நாளா ஒரு ஸ்பேனர் கைக்கு சிக்க மாட்டேங்குது."

"அந்தக் காலண்டர்?"

"ஆகஸ்ட் காட்டுது பாஸ்"னான் கெத்தின். "நடக்கறதும் ஆகஸ்ட்தான். இது தப்பா?"

"லெஷெக், நீங்க கடைசியா எப்ப மாசத்தைத் திருப்பினீங்க?"

லெஷெக் கழுத்தைச் சொறிஞ்சார். "மார்ச்சோட நிறுத்திட்டேன். மார்ச்ல டிராக்டர் படம். நல்லா இருந்துச்சு."

ரொவீனா கை ரெண்டையும் கோட் பாக்கெட்ல விட்டுகிட்டு சிரிச்சாங்க. "நம்ம ஆள் புதன்கிழமை விடிகாலைல வர்றான். கேட் கத்துது, எண்ணெய் விடறான். ஸ்பேனரை அடுக்கறான். ஹோஸைச் சுத்தறான். காலண்டரைத் திருப்பறான். அப்புறம்தான் வந்த வேலையைப் பார்க்கறான். தப்பா இருக்கற எதையும் பார்த்துட்டு சும்மா போக முடியாத பிறவி."

"சூப்பர் பாஸ். அப்படிப்பட்ட பிறவிங்க இந்தக் கிளப்ல இருநூத்திப் பதினாலு பேர். மெம்பர் ஆகறதுக்கே அதான் தகுதி."

*

மைதானத்துல சேறு, பேகன் பொரியற வாசனை, ஜெனரேட்டர் சத்தம். லயனல் கிரடஸ் பிரிகேடியர் யூனிபார்ம்ல, தன் வண்டி நிக்க வேண்டிய இடத்துல தனியா நின்னுட்டிருந்தார். ஆயுசுல ஒரு நாள் பட்டாளத்துல இருந்தவர் இல்லை. சுத்தி கயிறு கட்டியிருந்துச்சு. நடுவுல வெறும் புல்லு. அவங்க பேசிட்டிருக்கும்போதே ரெண்டு பேர் வந்து அந்த வெறும் புல்லை நிதானமா பார்த்துட்டு, கயிறு அந்தக் காலத்துக் கயிறு இல்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க.

"உங்க வண்டில என்ன தப்பு இருந்துச்சு லயனல்?"ன்னு ரொவீனா கேட்டாங்க.

லயனல் மூஞ்சி சுருங்கிடுச்சு. "தப்பா? பதினோரு வருஷம் உழைச்சிருக்கேன். இந்த வருஷம் கோப்பைக்கு நிக்கற வண்டிம்மா அது."

"நீங்க எத்தனை பேரை வாயைத் திறங்கன்னு சொல்லியிருப்பீங்க"னான் கெத்தின். "இன்னிக்கு ஒரு நாள் நீங்க திறங்களேன் டாக்டர்."

லயனல் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். குரலை இறக்கினார்.

"முன்னாடி இடது லைட். அதைத் தாங்கற தகட்டுல நாலு ஸ்க்ரூ. நாலும்... ஸ்டார் ஸ்க்ரூ."

"அதனால?"

"அதனாலயா? அந்த வண்டி தயாரிச்ச காலத்துல அங்க ஒத்தைக் கோடு போட்ட ஸ்க்ரூதான். ஞாயித்துக்கிழமை, கடை இல்லை, கைக்குக் கிடைச்சதைப் போட்டுட்டேன். மேல பெயின்ட் அடிச்சு மறைச்சுட்டேன். மூணு வருஷம் ஆச்சு. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"லெஷெக்குக்கு மட்டும்தான். பார்த்துட்டான். ஒண்ணும் சொல்லலை, ஆனா பார்த்துட்டான். அதான் எனக்கு முதல்லயே அவன் மேல..." மிச்சத்தை அவர் முழுங்கிட்டார்.

"இன்னொருத்தரும் பார்த்துட்டார் லயனல்"னு சொல்லிட்டு ரொவீனா நடந்துட்டாங்க.

*

டாஃப்னி ஆர்ப்வுட் ஆப்பிள் ஜூஸ் கடை போட்டிருந்த பொம்பளை. கடைக்குப் பின்னாடி அவங்களும் ஒரு ஃபெரட் நிறுத்தியிருந்தாங்க. ஏலத்துல எடுத்தது. முன்னாடி வச்சிருந்தவன் அணு அணுவா இழைச்ச வண்டி, அதுல ஒரு தப்பு கிடையாது.

"அதுல நாலு ஸ்க்ரூவை மாத்திக்கட்டுமா டாஃப்னி? ஒரு மணி நேரத்துக்கு"ன்னு ரொவீனா கேட்டாங்க.

"நாலு சக்கரத்தையே மாத்திக்க கண்ணு. எனக்கு ஜூஸ் வித்தா சரி."

லெஷெக் நாலு நிமிஷத்துல முடிச்சுட்டார். இடது லைட், அதே தகடு, நாலு புது ஸ்டார் ஸ்க்ரூ, வெள்ளிப் பல்லு மாதிரி மின்னுச்சு. கெத்தினை பக்கத்துல நிறுத்தி, யார் வந்தாலும் நோட்டுல எழுதுன்னு சொல்லிட்டு ரொவீனா ஜூஸ் கடைக்குள்ள உட்கார்ந்துட்டாங்க.

முதல் ஆள் நாப்பதாவது செகண்ட்ல வந்தார்.

"நான் குறை சொல்ற ஆள் இல்லை தம்பி. ஆனா அந்த ஸ்க்ரூ..."

"எழுதிக்கறேன் சார்."

ரெண்டாவது ஆள் முட்டி போட்டார். "உங்க மனசு நோகக் கூடாது. உட்கார்ந்துக்கறீங்களா? ஒரு விஷயம் சொல்லணும்."

மூணாவது ஆளும் நாலாவது ஆளும் சேர்ந்து வந்து, தப்புன்னு ஒத்துகிட்டு, எவ்வளவு பெரிய தப்புங்கறதுல சண்டை போட்டுட்டுப் போனாங்க. ஒன்பதாவது ஆள் எதுவுமே சொல்லலை, கெத்தின் தோளைத் தட்டிட்டு கண்ணைத் துடைச்சுகிட்டார். பதினாலாவது ஆள் கேட்டார், "இது யார் வண்டி?"

"ஒரு அம்மாவோடது."

"புருஷன் இருக்காரா?"

"அவருக்கும் ஸ்க்ரூ பத்தித் தெரியாதாம்."

"பாவம் அந்தப் பிள்ளைங்க."

ஒரு மணி நேரத்துல முப்பத்தோரு பேர். எந்தக் குத்தம்னாலும் ஒத்துக்கறேன், விட்டுடுங்கன்னு கையெழுத்துப் போடற நிலைமைக்கு கெத்தின் வந்துட்டான். முப்பத்தோராவது ஆள்தான் மோசம். சரியான ஸ்க்ரூ எப்படி இருக்கும்னு என்கிட்ட போட்டோ இருக்கு, என் கார்ல இருக்கு, ரெண்டு நிமிஷம், வாங்கன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டார். ஆல்பம். முன் பக்கம் கல்யாண போட்டோ ஒண்ணு, மிச்சமெல்லாம் ஸ்க்ரூ.

கெத்தின் தப்பிச்சுத் திரும்பி வந்து வண்டியைப் பார்த்தான். நோட்டுப் புத்தகம் கையிலருந்து நழுவி சேத்துல விழுந்துச்சு.

ஸ்டார் ஸ்க்ரூ நாலும் காணோம். அந்த இடத்துல பழசா, அடக்கமா, ஒத்தைக் கோடு போட்ட ஸ்க்ரூ நாலு.

"பாஸ்"னான். "திருடன் வந்துட்டுப் போயிட்டான். நான் ஆல்பம் பார்த்துட்டிருந்தேன்."

ரொவீனா ஜூஸ் கடையிலருந்து எட்டிப் பார்த்தாங்க. அவங்களும் டாஃப்னிக்கு சில்லறை எண்ணிக் குடுத்ததுல கோட்டை விட்டிருந்தாங்க. ஆனா மூஞ்சில கோவம் இல்லை. "முப்பத்தோரு பேர் வாயால சொன்னாங்க. ஒருத்தன் கையால சொல்லிட்டான். லெஷெக்கைக் கூப்பிடு."

லெஷெக் குனிஞ்சு பார்த்தார். ஒரு ஸ்க்ரூவைக் கழட்டி உள்ளங்கையில வச்சு உருட்டினார். அவர் குரலே மாறிடுச்சு.

"இது நான் செஞ்சது."

"நிச்சயமா?"

"இந்த மரை இப்ப எந்தக் கடைலயும் கிடைக்காது. செவ்வாய்க்கிழமை லேத்துல கடைஞ்சேன், மிஸ்டர் கிரடஸ் வண்டிக்காக. அவர் கேக்கலை. கேக்க வெக்கப்படறார்னு தெரிஞ்சது, அதான் நானா செஞ்சேன். நாலு வேணும், எதுக்கும் இருக்கட்டும்னு எட்டு கடைஞ்சு, டப்பால போட்டு அவர் வண்டி சீட்டுல வச்சிருந்தேன். மறுநாள் மாட்டறதா இருந்தேன்."

"அப்ப முடிஞ்சது கதை"ன்னு கெத்தின் துள்ளினான். "வண்டியோட போன ஸ்க்ரூ இங்க வந்திருக்கு. திருடன் இந்த மைதானத்துலதான் இருக்கான். போய் மீட்டிங்ல காட்டிடலாம்."

"காட்டு"ன்னாங்க ரொவீனா. "லெஷெக் செஞ்ச ஸ்க்ரூ, லெஷெக் கையில இருக்கு, லெஷெக் தொட்ட வண்டில மாட்டியிருக்கு. ஓட்டே தேவையில்லை, கை தட்டியே தூக்கிடுவாங்க."

கெத்தின் துள்ளினது பாதியில நின்னுச்சு. மணி ரெண்டு அம்பது. லெஷெக் ஸ்க்ரூவை மெதுவா திரும்ப எடுத்த ஓட்டைலயே வச்சார், அது சூடா இருக்கற மாதிரி.

ரொவீனா முட்டி போட்டாங்க, நல்ல பேன்ட்டோட, சேத்துல. மிச்சம் மூணு ஸ்க்ரூவையும் பார்த்தாங்க.

"லெஷெக், இந்தக் கோடு மூணும் ஏன் நட்டுக்குத்தா நிக்குது?"

"எது?"

"ஸ்க்ரூ தலையில இருக்கற கோடு. மூணும் மேலயும் கீழயும் பார்த்து நேரா நிக்குது. நீங்க மாட்டினா இப்படி நிக்குமா?"

"எனக்கு ஸ்க்ரூ இறுகணும். கோடு எந்தப் பக்கம் பார்த்தா என்ன?" அவர் ஸ்க்ரூடிரைவரை வச்சுத் திருப்பிப் பார்த்தார். புருவம் ஏறிடுச்சு. "இது இறுகவே இல்லை. இன்னும் கால் சுத்து போகும். கோடு நேரா வந்ததும் நிறுத்திட்டான்."

"வண்டி ஓடும்போது லைட்டு கழண்டு விழுந்தாலும் பரவாயில்லை, கோடு நேரா நிக்கணும்"னாங்க ரொவீனா. "கெத்தின், இங்க எத்தனை வண்டி நிக்குது?"

"நாப்பத்தி மூணு பாஸ். தயவு செஞ்சு வேண்டாம்."

"ஒவ்வொண்ணா பார்த்துட்டு வா."

போனான். மனுஷங்க மூஞ்சியைப் பார்த்து சந்தேகப்படற தொழில்ல சேர்ந்தோம்னு நினைச்சவன், சேத்துல குனிஞ்சு குனிஞ்சு ஸ்க்ரூ மூஞ்சியைப் பார்த்துட்டுப் போனான். கோணல், கோணல், படுத்தது, சாஞ்சது. எல்லாரும் மனுஷங்கதான்னு அவனுக்குக் கொஞ்சம் பாசமே வந்துச்சு. முப்பத்தி ஒன்பதாவது வண்டி, வரிசைக் கடைசில கொடிக்கம்பத்துக்குக் கீழ நின்ன ஒரு சின்ன கவச லாரி. கெத்தின் அங்க நிமிர்ந்து நின்னுட்டான்.

கதவு, விளக்கு, மட்கார்டு, பெட்டி. ஒவ்வொரு ஸ்க்ரூவும் அட்டென்ஷன்ல நின்னுச்சு. ஒண்ணுகூட அசையலை. பக்கத்துல அட்டை: சொந்தக்காரர் அம்புரோஸ் டில்லி. கிளப் தலைவர், கோப்பைக்கு தலைமை நடுவர், ரயில்வேல டைம்டேபிள் போட்டு ரிட்டயர் ஆனவர். லெஷெக் பேரை அடிக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்ததும் அவர்தான்.

*

டில்லி வீடு மைதானத்துலருந்து எட்டு நிமிஷ நடை. ரொவீனா பெல் அடிச்சாங்க. கெத்தின், லெஷெக், காரணம் சொல்லாம இழுத்துட்டு வந்த லயனல், மூணு பேரும் பின்னாடி.

மிஸஸ் டில்லி கதவைத் திறந்தாங்க. லெஷெக் போட்டிருந்த மெக்கானிக் டங்கிரியைப் பார்த்ததும் அவங்களுக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

"அப்பாடா. அந்தக் கண்றாவியை எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"எந்தக் கண்றாவிம்மா?"

"எதுன்னு சொல்ல? வந்து பாருங்க."

சாப்பாட்டு மேஜை மேல நட்டும் போல்ட்டும், ஜாம் பாட்டில்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு ஒட்டி. சோஃபால ரெண்டு இரும்புக் கதவு, பெட்ஷீட் விரிச்சுப் படுக்க வச்சிருந்துச்சு. விருந்தாளி கட்டில்ல டிரைவர் சீட்டு. குளியல் தொட்டில பிரேக் சாமான் எல்லாம் மண்ணெண்ணெய்ல ஊறிட்டிருந்துச்சு.

"புதன்கிழமை காலைல வண்டியாத்தாங்க வந்துச்சு"ன்னு மிஸஸ் டில்லி சொன்னாங்க. "ஒரு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடறேன்னார். மூணு நாளா தூங்கலை. நான் பக்கத்து வீட்டுல குளிக்கறேன்."

கெராஜ்ல வெறும் கூடு நின்னுச்சு. மேல சங்கிலில இன்ஜின் தொங்குச்சு. லயனல் அந்தக் கூட்டைத் தொட்டார். கண்ணு தெரியாதவர் மூஞ்சியைத் தடவற மாதிரி தடவினார். அப்புறம் குனிஞ்சு இடது பக்கம் பார்த்தார். லைட்டைத் தாங்கற தகடு மட்டும் அந்த மொத்தக் கூட்டுல மாட்டியிருந்துச்சு. நாலு ஸ்க்ரூ, கோடு நட்டுக்குத்தா.

சுவத்துல ஒரு லிஸ்ட். தலைப்பு: 'கிரடஸ் வண்டி, குறைகள்.' நூத்தி எண்பத்தி ஏழு வரி. முதல் வரிக்கு மட்டும் டிக் போட்டிருந்துச்சு.

"நூத்தி எண்பத்தி ஏழா?"ன்னு லயனல் முனகினார். வண்டி போன அன்னிக்குக்கூட அவர் குரல் அப்படி உடையலை.

*

டீ டென்ட்ல நாலு மணிக்கு நாற்காலி எல்லாம் ரொம்பியிருந்துச்சு. அம்புரோஸ் டில்லி மேஜைக்குப் பின்னாடி நின்னு தீர்மானத்தைப் படிச்சிட்டிருந்தார். ஒல்லி உடம்பு, கழுத்து வரைக்கும் பட்டன், கண்ணுக்குக் கீழ ரெண்டு கருப்புப் பை. "...நம்பிக்கைத் துரோகத்தை முன்னிட்டு, மேற்படி லெஷெக்கின் பெயரை..."

ரொவீனா நடந்து போய் அந்த லிஸ்டை மேஜை மேல வச்சாங்க. அவ்வளவுதான்.

அம்புரோஸ் பார்த்தார். உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழட்டினார்.

"ஒரு மாசம் முன்னாடி பார்த்தேன்"னார். "முதல் சுத்து பரிசோதனைல. பெயின்ட்டுக்கு அடியில நட்சத்திரம் தெரிஞ்சது. நடுவர் முன்கூட்டியே வாயைத் திறக்கக் கூடாதுன்னு விதி. நான் எழுதின விதிதான். கண்ணை மூடினா அந்த நாலு ஸ்க்ரூதான். கொண்டு வந்து, மாத்திட்டு, யாருக்கும் தெரியாம கொண்டு போய் விட்டுடலாம்னு இருந்தேன். சீட்டுலயே சரியான ஸ்க்ரூ டப்பால இருந்துச்சு. மாத்திட்டேன். பத்து நிமிஷம். அப்ப பார்த்து, தகட்டுக்குப் பின்னாடி ஒரு வயர். கலர் தப்பு."

டென்ட் முழுக்க ஒரு பெருமூச்சு. இருநூறு பேருக்கும் அந்த வயரைத் தெரியும். வீட்டுக்கு வீடு அந்த வயர் இருக்கு.

"வயரை உருவணும்னா பலகையைக் கழட்டணும். பலகையைக் கழட்டினா..." அவர் கையை விரிச்சார்.

"என்ன கலர் இருந்துச்சு?"ன்னு பின்னாடியிலருந்து ஒரு குரல்.

"நீலம்."

"நீலம் சரிதானே?"

"அம்பத்தஞ்சுக்கு அப்புறம் இல்லை."

"அம்பத்தாறுலயும் நீலம் வந்திருக்கு, எங்கிட்ட படம் இருக்கு."

நாலு பேர் எழுந்தாங்க, ஆறு பேர் எழுந்தாங்க, ஆல்பம்காரர் ஆல்பத்தோட முன்னாடி வந்தார். ரெண்டு நிமிஷத்துல மீட்டிங் வயர் மீட்டிங் ஆயிடுச்சு. லெஷெக் டென்ட் வாசல்ல தொப்பியைக் கையில பிடிச்சுகிட்டு நின்னுட்டிருந்தார். ஒருத்தர்கூட அந்தப் பக்கம் திரும்பலை. கெத்தினுக்கு வாயில ஒரு ஜோக்கும் வரலை.

ரொவீனா டீ பானை மூடியை எடுத்து மேஜைல ஒரு தட்டு தட்டினாங்க.

"அம்புரோஸ். ஒரு ஸ்க்ரூ தப்பா இருந்தா ஒரு மாசம் உங்களுக்குத் தூக்கம் வரலை. நீங்க பண்ணின தப்புக்கு வேற ஒரு மனுஷன் மேல பழி விழுந்துச்சே. அதுக்கு?"

"மூணு நாளா நான் தூங்கலை மேடம்."

"அது வயருக்காக."

அம்புரோஸ் தலையைக் குனிஞ்சார். "ஆமா"னார். "யாராவது ஒருத்தர் மேல விழ வேண்டியிருந்துச்சு. அவர் கொஞ்சம் தள்ளி இருந்தார். நம்ம ஆள் இல்லைங்கற மாதிரி."

இப்ப டென்ட்ல யாரும் வயர் பத்திப் பேசலை.

ஓட்டு எடுத்தாங்க. தீர்மானத்துக்கு ஆதரவா ஒரு கைகூட இல்லை. லயனல் எழுந்து தொண்டையைச் செருமினார். "லெஷெக், வந்து, ஸாரி, நடந்தது என்னவோ நடந்துடுச்சு..."

"வேண்டாம் மிஸ்டர் கிரடஸ்"னார் லெஷெக். "பஸ்ல கால் மிதிச்சா சொல்ற ஸாரி எனக்கு வேண்டாம். நான் இந்த ஊருக்கு வந்து அதை லட்சம் தடவை கேட்டாச்சு."

லயனல் நின்னார். பிரிகேடியர் தொப்பியைக் கழட்டி நாற்காலில வச்சார். தொப்பி இல்லாம அவர் வெறும் பல் டாக்டர்.

"நீங்க திருடலை. நான் உங்களைத் திருடன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். என் ஸ்க்ரூ தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதுக்காகத்தான் சொன்னேன். வேற காரணம் கிடையாது. அது கேவலம்."

லெஷெக் அதை மனசுல எடை போட்டார். "சரி"னார். "இது ஸாரி."

"என் வண்டியைத் திரும்பச் சேர்த்துத் தருவீங்களா? உங்களை விட்டா ஆள் இல்லை. போலீஸ்ல குடுத்த கம்ப்ளைன்ட்டை என்ன பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க. வாபஸ் வாங்குன்னா வாங்கறேன்."

எல்லா தலையும் லெஷெக் பக்கம் திரும்புச்சு. அவர் நேரா அம்புரோஸ்கிட்ட போனார்.

"வாபஸ் வாங்கட்டும். ஆனா நீங்க என் பட்டறைக்கு வரணும். ஒவ்வொரு சனிக்கிழமையும், வண்டி முழுசா சேர்ற வரைக்கும். துரு சுரண்டணும், நான் கேட்ட சாமானை எடுத்துக் குடுக்கணும்."

அம்புரோஸ் மூஞ்சில வெளிச்சம் வந்துடுச்சு. "சந்தோஷமா வர்றேன். அந்த லிஸ்டையும் எடுத்துட்டு..."

"லிஸ்ட் வேண்டாம். வாயைத் திறக்கக் கூடாது. இது தப்பு, அது தப்பு, அந்தக் கலர் அப்படி இல்லை, எதுவும். நான் எதை எங்க மாட்டினாலும் பார்த்துட்டு சும்மா நிக்கணும்."

வெளிச்சம் அணைஞ்சுடுச்சு. "ஒண்ணுகூட சொல்லக் கூடாதா?"

"ஒண்ணுகூட."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

அம்புரோஸ் ரொவீனா பக்கம் திரும்பினார். "மேடம், ஒரு தகவலுக்குக் கேக்கறேன். கோர்ட்டுக்குப் போனா எனக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

"முதல் குத்தம், வயசாளி. ஆறு மாசம் இருக்கலாம். அதுவும் கிடைக்காம போகலாம்."

அம்புரோஸ் டில்லி யோசிச்சார். அவர் எதிர்ல நின்ன லெஷெக்கைப் பார்த்தார், லெஷெக்கோட டங்கிரில ஒரு பட்டன் மாத்தி மாட்டியிருந்ததைப் பார்த்தார், உதடு துடிச்சுது, வலுக்கட்டாயமா அடக்கினார், இன்னொரு தடவை பார்த்தார்.

"போலீஸைக் கூப்பிடுங்க"ன்னார்.